முழு வீச்சு

மெரிதா
2 ஆகஸ்ட் 1991

அன்புள்ள எலியேசர்,

அன்று நான் உன்னிடம் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். மருத்துவமனை வராந்தாவில் நீ சுவரோடு சுவராக நின்றிருந்தாய். மாவுக்கட்டோடு நான் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைத்தான் பார்த்தாய். "வீட்டுக்குப் போ, சொராய்தா தேடுவா" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. சொல்ல நினைத்தது நன்றி. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி அதைச் சொன்னால் கேலியாகத்தான் கேட்கும் என்று விழுங்கிவிட்டேன். மறுவாரமே நான் மெரிதாவுக்கு வந்துவிட்டேன். வழியனுப்ப நீ வரவில்லை.

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பதிப்பகத்தில் மெய்ப்புகளையும் இந்தக் கையாலேயே திருத்துகிறேன். அச்சுக்கோப்பவர் நான் குடித்துவிட்டு வருவதாக நினைக்கிறார்.

எதற்கு நன்றி என்று கேட்பாய். எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினொன்று. உன் அப்பாவின் முற்றத்தில் பையன்கள் தடி பழகினார்கள். ஒருநாள் ஒருவன் வரவில்லை, ஜோடி குறைந்தது. வேலியோரம் நின்ற என்னை இழுத்து நிறுத்தினார்கள். மறுநாள் அவன் வந்துவிட்டான். நான் அங்கிருந்து நகரவில்லை. அந்த முற்றத்தில் என் வாழ்க்கை இப்படி ஒரு காலியிடத்தை நிரப்பித்தான் தொடங்கியது.

அன்று முதல் எத்தனையோ பேர் என் எதிரே நின்றிருக்கிறார்கள். ஒருவரும் எனக்கு முழுதாக வீசியதில்லை. தடி ஓங்கும், பாதி வழியில் இளகும், என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிடும். காற்றுகூடக் கிளம்பாது. பிறகு சிரிப்பார்கள், "நல்லா தடுத்தே, கோரோ" என்பார்கள். எதைத் தடுத்தேன்? வராத அடியை. நீ ஒருவன்தான் உன் தம்பிகளுக்கு வீசுவதையே எனக்கும் வீசினாய். தோலுக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தினாய். அந்த ஒரு விரல் இடைவெளியில்தான் நான் எல்லாம் கற்றுக்கொண்டேன்: எப்போது கால் வைப்பது, எப்போது மூச்சு விடுவது, பயத்தை எங்கே வைப்பது.

அந்தோனியார் திருநாளன்று நடந்தது உனக்கே தெரியும். சுரூபத்துக்கு முன்னால் ஆடுகிறவர் அவருக்கு முதுகு காட்டக் கூடாது. பவனி முனை திரும்பும் இடத்தில் சாக்கடை உடைந்திருந்ததால், தூக்கி வந்தவர்கள் சட்டென்று வளைந்தார்கள். அந்தோனியார் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார். நான் யோசிக்கவில்லை, உடம்பு தானாகத் திரும்பியது. உன் வீச்சு ஏற்கனவே கிளம்பிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். நம் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தக் காரணத்துக்காக மணிக்கட்டை உடைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீ உன் தடியை அந்தோனியாரின் காலடியில் வைத்துவிட்டாய் என்று அம்மா எழுதியிருக்கிறாள். உண்மையா?

கோரோமோத்தோ


எல் தொக்குயோ
19 செப்டம்பர் 1991

கோரோ,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. கரும்பு லாரி ஓட்டுகிறவனுக்குச் சீட்டில் கையெழுத்துப் போடுவதோடு எழுத்து வேலை முடிந்தது.

நன்றி சொல்லாதே. எலும்பை உடைத்தவனுக்கு நன்றி சொல்வது எந்த ஊர் வழக்கம்? சொராய்தா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுக் குதிக்கிறாள். "கைய ஒடச்சவனுக்கு நன்றிக் கடுதாசி! நான் எட்டு வருஷமா உனக்கு அரெப்பா சுட்டுப் போடுறேன், எனக்கு ஒரு துண்டுக் காகிதமாவது எழுதியிருக்கியா?" அன்று முழுவதும் அதே பாட்டு.

தடியைக் கொடுத்தது உண்மை. அன்று மருத்துவமனையிலிருந்து நேராகக் கோவிலுக்குப் போனேன். இனி தடி எடுக்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டு வைத்துவிட்டு வந்தேன். நீ திரும்பினதை நானும் பார்த்தேன். ஆனாலும் நிறுத்தத் தெரியாதவன் வீசக் கூடாது. அதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நீ இன்னொரு நேர்ச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டாயோ இல்லையோ. உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள், பயப்படுகிறாள். நானே எழுதுகிறேன். உனக்குக் கட்டுப் போட்ட அன்று அவளும் அந்தோனியாரிடம் ஓடியிருக்கிறாள். "எம் பொண்ணு கை சரியானா, அடுத்த திருநாளுக்கு அதே கையால உங்க முன்னாடி தடி ஆடுவா" என்று நேர்ந்திருக்கிறாள்! இத்தனை வருஷம் உன் தடியை அடுப்பில் வைப்பேன் என்று கத்திக்கொண்டிருந்த அதே ஹிலாரியா அம்மாதான். அவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொன்னால் சீக்கிரம் குணமாக்குவார் என்று கணக்குப் போட்டாளாம்.

திருநாள் பொறுப்பு இப்போதும் கிரிஸ்பீனிடம்தான். அவன் ஏற்கனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டான், "பொம்பளப் புள்ளைய இறக்கினா இப்படித்தான் ஆகும்னு நான் அன்னைக்கே சொன்னேன். இனி கெடயாது." உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் அவனைப் பிடித்தாள்.

"கிரிஸ்பீன், வர்ற ஜூன்ல எம் பொண்ணு ஆடுறா."

"தாயி, அது முடியாது. முடிவு பண்ணியாச்சு."

"நான் உங்கிட்ட கேக்கல. நான் பேசினது அவர்கிட்ட." உள்ளே கையைக் காட்டினாள். "உனக்கு ஆட்சேபணை இருந்தா உள்ள போய் அவர்கிட்ட சொல்லு."

நேர்ச்சையோடு வருகிறவரை யாரும் தடுக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். கடைசியில் சொன்னான்: "சரி, ஆடட்டும். ஆனா எதுக்க நான்தான் நிப்பேன். பூப்போல ஆடி முடிச்சு அனுப்பிடறேன். வேற யாரும் அவகூட நிக்கவும் மாட்டாங்க."

அதனால் கையைச் சரியாக்கிக்கொள். உன் அம்மா உன்னை மாட்டிவிட்டாள்.

எலியேசர்


மெரிதா
11 நவம்பர் 1991

அன்புள்ள எலியேசர்,

இது வலது கை. கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு பழைய கதவுக் கீல் போல முரண்டுபிடிக்கிறது. காலையில் மொட்டை மாடியில் துடைப்பக் கட்டையைச் சுற்றிப் பழகுகிறேன். இங்கே பனி கையை உறைய வைக்கிறது. வீட்டுக்கார அம்மா நேற்று மேலே வந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரையாவது அடிக்கப் போறியா, கண்ணு? வாடகை பாக்கி ஒண்ணும் இல்லயே!" என்றாள்.

அம்மாவின் நேர்ச்சையை வாசித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். வேலியோரம் வந்து "போதும், வா சாப்பிட" என்று கூப்பிட்டதைத் தவிர அவள் என் ஆட்டத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பயந்துபோன நேரத்தில், தன்னிடமிருந்த மிகப் பெரிய பொருளாக அதைத்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அதை நான் அரைகுறையாகக் கொடுக்க முடியாது, எலியேசர். கிரிஸ்பீனோடு பூப்போல ஆடினால் அது நேர்ச்சை தீர்ப்பது ஆகாது, அந்தோனியாரை ஏமாற்றுவது.

நான் நிறையப் படிக்கிறவள் என்று ஊரில் சொல்வார்கள். என் அலமாரியைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் நான் மனிதர்களைப் படிக்கக் கற்றது புத்தகத்திலிருந்து இல்லை. எதிரே நிற்பவனின் தோளைப் பார், கையைப் பார்க்காதே என்று உன் அப்பா சொல்வதை, அவர் மற்றவர்களுக்குச் சொல்லும்போது வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டேன். இங்கே பதிப்பகத்தில் என் தலைவர் கோபமாக வரும்போதுகூட நான் அவர் தோளைத்தான் பார்க்கிறேன். வார்த்தை வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். பேச்சு என்னைக் கடந்து போய்விடுகிறது. பேருந்தில், நேர்காணலில், முதன்முதலில் தனியாக அறை தேடி அலைந்த அந்த வாரத்தில், ஒவ்வோர் இடத்திலும் என்னைக் காப்பாற்றியது அந்த முற்றம். நான் வாயாடி இல்லை, உனக்குத் தெரியும். என் தைரியம் எல்லாம் காலில்தான் இருக்கிறது. அதைக் கொடுத்தவர்களில் நீ முதல் ஆள்.

அதனால் கேட்கிறேன். ஜூன் பதிமூன்றாம் தேதி என் எதிரே நீ நிற்க வேண்டும். தடியோடு. முழு வீச்சோடு.

கோரோமோத்தோ


எல் தொக்குயோ
8 ஜனவரி 1992

கோரோ,

முடியாது.

நீ அழகாக எழுதுகிறாய். அதைப் படித்து என் மனம் இளகிவிடும் என்று நினைத்திருப்பாய். இளகியது. ஆனாலும் முடியாது. நேர்ந்துகொண்டதை எடுத்துக்கொள்வது எனக்குத் தெரியாது. உன் அம்மாவின் நேர்ச்சை பெரிது, என்னுடையது சிறியது என்றா சொல்கிறாய்?

நீ அந்த அடியை வாங்கினாய். நான் அதைக் கேட்டேன். கரும்பு முறிகிற சத்தம் மாதிரி இருந்தது. என் வேலையே கரும்பு. தினமும் ஆலையில் இறக்கும்போது அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது. உனக்கு மணிக்கட்டு கூடிவிட்டது. எனக்கு அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை.

கிரிஸ்பீனோடு ஆடிவிட்டுப் போ. அவனும் கெட்டவன் இல்லை. நேற்றுக்கூட அசெமித்தா ரொட்டிக் கடையில் பார்த்தேன். "அந்தப் புள்ள கை எப்படி இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டான். அந்தோனியார் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர் இல்லை. ஆடினாயா என்று பார்ப்பார், எவ்வளவு வேகம் என்று அளக்க மாட்டார்.

எலியேசர்


மெரிதா
3 பிப்ரவரி 1992

எலியேசர்,

நீ எனக்கு அரை வீச்சு வீசியது இதுதான் முதல் முறை.

கிரிஸ்பீனோடு ஆடுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ வந்து பார்க்க வேண்டாம்.

கோரோமோத்தோ


எல் தொக்குயோ
21 ஏப்ரல் 1992

கோரோ,

உன் நாலு வரி வந்ததிலிருந்து இந்த வீட்டில் அமைதி இல்லை. சொராய்தாவுக்கு நான் காட்டவில்லை, சட்டையைத் துவைக்கப் போட்டபோது அவளே எடுத்துப் படித்துவிட்டாள். "அவ சொல்றது சரிதான்" என்றாள். நான், "உனக்கு என்ன தெரியும்?" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் கையில் துடைப்பம் இருந்தது. ஓங்கிவிட்டாள். நான் தொப்பியைக் கழற்றி அவள் முகத்துக்கு முன்னால் காட்டி, பக்கவாட்டில் நகர்ந்தேன். துடைப்பம் என் காதோரமாகப் போய்த் தண்ணீர்ப் பானையில் விழுந்தது. மறுபடி ஓங்கினாள். மறுபடி நகர்ந்தேன். மூன்றாவது தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "தடி இல்லாமலே இப்படி ஓடுற, அப்புறம் என்ன மனுஷா உனக்கு நேர்ச்சை? எடுக்க மாட்டேன்னுதானே சொன்னே, நிக்க மாட்டேன்னு சொன்னியா?"

அடேயப்பா! அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். தடியைத் தவறவிட்டவன் தொப்பியை வைத்துத் தப்பிப்பது எப்படி என்று அப்பா கடைசியில்தான் பழக்குவார். பாதிப் பேர் அதுவரை இருக்கவே மாட்டார்கள். இடது கையில் தொப்பி, அது எதிராளியின் கண்ணுக்கு. வலது கை வெறுங்கை, அது வழி விலக்க. மீதி எல்லாம் கால். நான் அதில் மோசமில்லை.

நான் கோவிலுக்குப் போனேன். அந்தோனியாரின் முன்னால் நின்று, சொன்னதைச் சொன்னபடி நினைவுபடுத்திப் பார்த்தேன். தடி எடுக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். என் தடி அங்கேயே அவர் காலடியில் கிடக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். நான் உன் எதிரே வெறுங்கையோடு நிற்கிறேன்.

கிரிஸ்பீனிடமும் பேசிவிட்டேன். "தொப்பி வச்சுக்கிட்டு நிக்கிறவனை ஆட்டக்காரன்னு எப்படிச் சேக்குறது? அதுவும் பவனியில? செத்துகித்துத் தொலைச்சா நான்தானே பதில் சொல்லணும்?" என்றான். உன் அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் அவனைப் பார்த்தாள். அவன், "சரி, சரி" என்றான்.

ஒரே ஒரு நிபந்தனை. நீ முழுதாக வீச வேண்டும். தடி இல்லாதவன் என்று பாவம் பார்த்து அரை வீச்சு வீசினால், அங்கேயே விலகி வீட்டுக்குப் போய்விடுவேன். கிரிஸ்பீன் வந்து உன்னோடு பூப்போல ஆடட்டும்.

எலியேசர்


மெரிதா
15 மே 1992

அன்புள்ள எலியேசர்,

பிப்ரவரியில் எழுதியதற்கு மன்னித்துக்கொள். சொராய்தாவுக்கு நான் ஒரு தனிக் கடிதம் எழுதியிருக்கிறேன். இனி அவளுக்குக் காகிதம் வரவில்லை என்று சொல்ல முடியாது.

உன் கடிதத்தைப் படித்து மகிழ்ச்சியில் மாடிக்கு ஓடினேன். வீட்டுக்கார அம்மாவின் துணிக்கொடியில் ஒரு தலையணையைக் கட்டித் தொங்கவிட்டு, உன் தலை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அங்கே வைத்தேன். தலையணையாக நினைத்து வீசினால் தடி சீறிக்கொண்டு போகிறது. அது நீ என்று நினைத்து வீசினால் பாதியில் கை இளகிவிடுகிறது. நான் இளக்கவில்லை. அதுவாக இளகுகிறது. பத்து நாளாக இதுதான்.

இப்போது ஒன்று புரிகிறது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு அரை வீச்சு வீசியவர்கள் எல்லோரும் என்னைக் குறைத்து மதிக்கிறார்கள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். சிலர் அப்படித்தான், சந்தேகமில்லை. மற்றவர்களின் தடி நின்ற இடத்திலேயேதான் இப்போது என் தடியும் நிற்கிறது. எனக்கு உன்னைக் குறைத்து மதிக்கத் தெரியாது. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். கிரிஸ்பீனுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ?

அப்படியானால் நீ எனக்குக் கொடுத்தது நான் நினைத்ததைவிடப் பெரிது. எனக்கு வீசுகிற ஒவ்வொரு முறையும் இதைத் தாண்டித்தான் வீசியிருக்கிறாய். உனக்குப் பதினொரு வயதிலேயே. உன்னால் எப்படி முடிந்தது? நான் படிக்கிற எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. நீ சொல்.

என்னால் முடியாமல் போனால் அம்மாவின் நேர்ச்சை வீணாகும். நீயும் விலகிப் போய்விடுவாய். சொன்னால் செய்கிறவன் நீ.

கோரோமோத்தோ


எல் தொக்குயோ
27 மே 1992

கோரோ,

பதில் பெரிதாக ஒன்றுமில்லை. நீ தடுப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால் வீசினேன். பதினொரு வயதில் வேறு என்ன யோசிக்கத் தெரியும்?

இப்போது நீ வீசு. நகர்வது என் வேலை. என் வேலையை நீ செய்யாதே.

அந்தத் தலையணைக்கு என் பெயரை வைத்திருந்தால் மாற்று. எட்டு வருஷமாக நானும் சொராய்தாவின் துடைப்பத்துக்குத் தலையணைதான், போதும்.

பஸ் பதினொன்றாம் தேதி வந்துவிடும்தானே? உன் அம்மா ஆட்டுக்கறி சொல்லி வைத்திருக்கிறாள்.

எலியேசர்


மெரிதா
20 ஜூன் 1992

அன்புள்ள எலியேசர்,

பஸ் நிலையத்தில் நீ கேட்டாய், "எனக்குப் பாதிதான் தெரியும், தொப்பிதான் கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. நீ பாத்ததை எழுது" என்று. எழுதுகிறேன். அன்று மாலையே கிளம்ப வேண்டியிருந்தது. மறுநாள் ஒரு புத்தகம் அச்சுக்குப் போனது. இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

நாற்கம்பி கித்தாரும் மேளமும் தொடங்கின. முதலில் ஆடிய ஜோடிகளை நான் பார்க்கவே இல்லை. கிரிஸ்பீன் என் பெயரைச் சொன்னான். நீ வெறுங்கையோடு வந்து அந்தோனியாரை வணங்கியபோது கூட்டம் சலசலத்தது. பின்னால் யாரோ, "என்னப்பா இது, தடி இல்லயா? அவன் என்ன மாடு பிடிக்கவா வந்திருக்கான்?" என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

என் முதல் வீச்சு அரை வீச்சு. உனக்குத் தெரியும். நீ நகரக்கூட இல்லை, அது நிற்கும் இடம் உனக்குத் தெரிந்திருந்தது. என்னை ஒரு கணம் பார்த்தாய். கோபம் இல்லை. தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டாய். சுரூபத்துக்கு முதுகு காட்டாமல், அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து விலகத் தொடங்கினாய். ஓர் அடி, இன்னோர் அடி. கிரிஸ்பீன் தன் தடியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். மேளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அதே தாளத்தை அடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது, செபமா திட்டா என்று தெரியவில்லை.

நான் "நில்லு!" என்று கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நீ நின்றாய்.

அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. நீ சொன்னது மட்டும் இருந்தது. உன் தோளைப் பார்த்தேன், தலைக்கு வீசினேன். முழுதாக. தடி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அது நின்ற இடத்தில் நீ இல்லை. அவ்வளவு நிம்மதியை நான் வாழ்க்கையில் உணர்ந்ததில்லை. நீ இடப்பக்கம் போயிருந்தாய், தொப்பி என் கண்ணுக்கு முன்னால் பறவை மாதிரி படபடத்தது. இடுப்புக்கு வீசினேன். நீ உள்ளே புகுந்து என் முழங்கையை ஒரு விரலால் தொட்டுவிட்டு வெளியேறினாய். உடைந்த அதே கை. பிறகு காலுக்கு. குதித்தாய். அப்போது நீ சிரித்தாய், எலியேசர். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் சிரிப்பைப் பார்க்கிறேன். நானும் சிரித்துவிட்டேன். ஆட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று உன் அப்பா எத்தனை முறை திட்டியிருக்கிறார்!

கூட்டம் அடங்கிவிட்டது. மேளம் மட்டும் கேட்டது. நாம் அப்படியே பின்னால் பின்னால் போனோம், அந்தோனியார் நம்மைத் தொடர்ந்து வந்தார். முனை திரும்பும் இடத்தில் தூக்கி வந்தவர்கள் நின்று, நாம் சுற்றி வரும்வரை காத்திருந்தார்கள். கவனித்தாயா? போன வருஷம் அவர்கள் நிற்கவில்லை.

பிறகு கிரிஸ்பீன் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு நம் நடுவே தடியை நீட்டினான். இடம் கேட்டான். நீ வணங்கி விலகினாய். நான் நினைத்தேன், சரி, இனி பூப்போல. அவன் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டது உனக்குக் கேட்டிருக்காது. "எப்படிப் புள்ள, வீசட்டுமா?" என்றான். "வீசுங்க" என்றேன். "பயமா இருக்கு" என்றான். "எனக்கும்தான்" என்றேன்.

வீசினான். தடுத்தேன். இரண்டு தடிகளும் மோதிய அதிர்ச்சி தோள்வரை ஏறியது. மணிக்கட்டு தாங்கியது. உன்னைத் தவிர வேறொருவன் எனக்கு முழுதாக வீசியது அதுதான் முதல் முறை. எனக்கு இருபத்தைந்து வயது.

அன்று உன்னிடம் சொல்லாமல் விட்ட எதுவும் இப்போது என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள், "அந்த ரெண்டாவது அடியில காலைச் சரியா வைக்கல நீ" என்றாள்.

கோரோமோத்தோ


எல் தொக்குயோ
6 ஜூலை 1992

கோரோ,

நீ பஸ் ஏறின பிறகு நடந்ததை எழுதச் சொல்லி உன் அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே இருக்கிறாள். எட்டிப் பார்க்கிறாள்.

அன்று உன்னை ஏற்றிவிட்டுக் கோவிலுக்குத் திரும்பினோம், பவனி அப்போதுதான் வந்து சேர்ந்தது. சுரூபத்தை இறக்கி வைத்தார்கள். உன் அம்மா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, "தீர்ந்தது" என்று சத்தமாகச் சொன்னாள். என் தடி அங்கேயேதான் இருக்கிறது, நான் எடுக்கவில்லை. எடுக்கவும் போவதில்லை. ஆனால் சனிக்கிழமை முற்றத்துக்குப் போய்த் தொப்பியோடு நிற்கிறேன். தம்பிகள் வீசுகிறார்கள். கரும்பு இறக்கும்போது இப்போது கரும்புச் சத்தம்தான் கேட்கிறது.

திருநாளுக்கு மறு ஞாயிறு, வழக்கம் போலப் பூசை முடிந்ததும் கிரிஸ்பீன் வாசலில் நின்று அடுத்த வருஷம் ஆடுகிறவர்களின் பெயர்களைச் சொன்னான். நேர்ச்சைக்காக ஆடுகிறவர்களைத் தனியாகச் சொல்வான், ஊர் ஆட்டக்காரர்களைத் தனியாகச் சொல்வான். உன் பெயரை ஊர் ஆட்டக்காரர்களோடு சொன்னான். நாலாவதாக வந்தது, என் தம்பிக்கு அடுத்து. யாரும் பேச்சை நிறுத்தவில்லை, யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அவன் மீதிப் பெயர்களையும் சொல்லி முடித்தான். மழை தூறத் தொடங்கியது, எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

எலியேசர்